கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வானம்

பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போதும், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வெள்ளையடிக்கும்போதும் பரணிலிருந்து பல பொருள்கள் கீழே இறங்கும். அவற்றுள் சட்டமிட்ட படம் ஒன்றிரண்டாவது இருக்கும். கரையான் தொட்ட சட்டம், தூசி படிந்த கண்ணாடி, ஓரத்தில் உதிர்ந்த வண்ணம். "இது இன்னும் எதற்கு?" என்று வீட்டார் கேட்பர். மாலைக்குள் அது பழைய சாமான் வாங்குவோரின் தள்ளுவண்டியில் ஏறிவிடும்.

ஏறுமுன் ஒரு சிறு சோதனை செய்து பார்க்குமாறு வாசகர்களை வேண்டுகிறோம். படத்தைச் சன்னலருகே கொண்டு சென்று சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். தாளில் அச்சிட்ட படமாயின், கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே மயிரிழை அளவேனும் இடைவெளி தெரியும். அவ்விடைவெளி இன்றி, வண்ணம் கண்ணாடியோடு ஒன்றாய் ஒட்டி, இன்னும் ஈரம் உலராதது போலப் பளபளக்குமாயின், உங்கள் கையில் இருப்பது அச்சுப்படம் அன்று. யாரோ ஒருவர் கண்ணாடியின் முதுகில் தம் கையால் தீட்டிய ஓவியம் அது. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் இத்தகைய படங்களைத் தேடி வெளிநாட்டார் வருகின்றனர். நாமோ எடைக்குப் போடுகிறோம்.

கண்ணாடி ஓவியம் என்றவுடன் சிலர் கோவில் சாளரங்களில் ஒளிவிடும் வண்ணக் கண்ணாடிகளை எண்ணுவர். அது வேறு கலை. அங்கே வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஈயப்பட்டையால் இணைக்கின்றனர். வெளிச்சம் ஊடுருவி வரவேண்டும். இன்னும் சிலர், பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் குழாயிலிருந்து கறுப்புக் கோடு பிழிந்து, நடுவே வண்ணம் நிரப்பும் கைவேலையை எண்ணுவர். அதுவும் அன்று. நாம் பேசும் கலையில் ஓவியர் கண்ணாடியின் ஒருபுறம் தீட்டுகிறார். பார்ப்பவர் மறுபுறம் நின்று பார்க்கிறார். கண்ணாடியே படத்தின் பரப்பும் ஆகிறது, அதன் காப்பும் ஆகிறது.

இதிலிருந்து ஒரு விந்தை பிறக்கிறது. துணியிலோ பலகையிலோ இயற்கைக் காட்சி தீட்டும் ஓவியர் முதலில் வானத்தைப் பூசுவார். அதன்மேல் மேகம், அதன்மேல் மலை, அதற்கு முன்னே வயல், வயலில் பனைமரம், கடைசியில் பனையோலையின் நுனியில் வெயிலின் ஒரு துளி. கண்ணாடி ஓவியருக்கோ எல்லாம் தலைகீழ். அந்த வெயில் துளியைத்தான் முதலில் வைக்கவேண்டும். பின்பு ஓலை, பின்பு மரம், பின்பு வயல், பின்பு மலை. வானம் அனைத்திற்கும் கடைசி. முதலில் வைத்ததே பார்ப்பவருக்கு முன்னே நிற்கும். பின்னர் வைப்பதெல்லாம் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். மற்ற ஓவியர் ஒரு மேகம் சரியாக அமையவில்லையெனில் அதன்மேல் இன்னொன்று பூசித் திருத்துவார். கண்ணாடி ஓவியருக்கு அந்த வசதி இல்லை. முதற்புள்ளியை வைக்குமுன்னே முழு வானமும் அவர் மனத்தில் முடிந்திருக்கவேண்டும்.

துறவியரும் வணிகரும்

இக்கலை எங்கிருந்து நம்மிடம் வந்தது என்பதைச் சுருக்கமாகக் காண்போம். இத்தாலியில் வெனிஸ் நகரக் கண்ணாடித் தொழிலோடு வளர்ந்து, 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் அது பெருந்தொழிலாயிற்று. அங்கிருந்து பவேரியா, பொகேமியா, ஆஸ்திரியா ஆகிய நாடுகளின் காட்டுப்புறச் சிற்றூர்களுக்குப் பரவியது. காட்டில் விறகு உண்டு. விறகு இருந்த இடத்தில் கண்ணாடி உலை எழுந்தது. உலையில் மலிவான கண்ணாடி கிடைத்தது. உழவர் குடும்பங்கள் குளிர்காலத்தில் வீட்டுக்குள் அமர்ந்து தாயும் தந்தையும் பிள்ளைகளுமாகப் படம் தீட்டின. ரைமுண்ட்ஸ்ரைட், சாண்டல் என்னும் சிற்றூர்களிலிருந்து ஆண்டுதோறும் பல்லாயிரம் படங்கள் வெளியேறின. முதுகில் மரச்சட்டத்தைக் கட்டிக்கொண்ட வணிகர் அவற்றை ஊர் ஊராய்ச் சுமந்து விற்றனர். தேவ அன்னை, திரு இருதயம், பாடுபட்ட சுரூபம், தீயினின்று வீட்டைக் காக்கும் புனித புளோரியான் ஆகியோரே பெரும்பாலும் அப்படங்களில் இடம் பெற்றனர். உழவர் வீட்டில் உணவு மேசைக்கு மேலே, அறையின் மூலையில் சிலுவையும் அதன் இருபுறமும் கண்ணாடிப் படங்களும் இருக்கும். நம் இல்லங்களில் திரு இருதயப் படத்துக்கு உள்ள இடம் அங்கே அந்த மூலைக்கு இருந்தது.

ருமேனிய நாட்டின் நிக்குலா என்னும் ஊரில் 1699-ஆம் ஆண்டு மாதாவின் படம் ஒன்று கண்ணீர் வடித்தது என்ற செய்தி பரவவே, திருப்பயணிகள் திரண்டனர். வந்தவர் ஒவ்வொருவரும் ஒரு படம் வீட்டுக்குக் கொண்டுபோக விரும்பினர். அந்தத் தேவையிலிருந்து அவ்வூரில் கண்ணாடிப் படத்தொழில் செழித்தது.

கீழ்த்திசைக்கு இக்கலை சென்ற வழியில் நம் வாசகருக்கு ஆர்வமூட்டும் செய்தி ஒன்று உண்டு. மிலான் நகரில் 1688-இல் பிறந்த யோசேப்பு கஸ்திலியோனே என்பவர் சேசு சபைச் சகோதரர். 1715-இல் சீனா சென்று, 1766-இல் இறக்கும் வரை பீக்கிங் அரண்மனையில் மூன்று பேரரசர்களுக்கு ஓவியராயிருந்தார். அவரும் பிரான்சு நாட்டு அத்திரே என்னும் இன்னொரு சேசு சபைச் சகோதரரும் அங்கே கண்ணாடியின் பின்புறத்திலும் ஓவியம் தீட்டினர். ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த முகம் பார்க்கும் கண்ணாடிகளின் பாதரசப் பூச்சை வேண்டிய இடத்தில் மட்டும் சுரண்டி எடுத்து, அவ்விடத்தை வண்ணத்தால் நிரப்புவது சீனரின் கைத்திறன். விரைவில் கான்டன் துறைமுகத்தில் இதற்கெனப் பட்டறைகள் தோன்றின. அங்கிருந்து வணிகக் கப்பல்கள் வழியே 18-ஆம் நூற்றாண்டில் படங்களும், அவற்றைத் தொடர்ந்து சீனக் கைவினைஞர் சிலரும் இந்தியாவின் மேற்குக் கடற்கரைப் பகுதிகளுக்கு வந்தனர்.

தமிழகத்தில் இக்கலை வேரூன்றிய இடம் தஞ்சை. இரண்டாம் சரபோசி மன்னர் ஆண்ட 1798 முதல் 1832 வரையிலான காலம் கலைகளுக்குப் பொற்காலம் எனலாம். பலாப்பலகையில் துணி ஒட்டி, சுண்ணக் கலவையால் மேடு எழுப்பி, கல் பதித்துத் தங்க ரேக்கு ஒட்டும் கலையில் தேர்ந்த தஞ்சை ஓவியர்கள் கண்ணாடியையும் கையில் எடுத்தனர். பலகைப் படத்தைவிடக் கண்ணாடிப் படம் எளிது, விலையும் குறைவு. தவழும் கண்ணன், இராமர் பட்டாபிடேகம், மன்னர், செல்வந்தர் ஆகியோர் கண்ணாடியில் இடம் பெற்றனர். நகைகள் இருக்கவேண்டிய இடத்தை வண்ணம் பூசாமல் விட்டு, பின்னால் கசக்கிய தங்க ரேக்கையோ ஜிகினாத்தாளையோ வைப்பர். முன்னிருந்து பார்க்கையில் அது உண்மையான பொன்னாகவே மின்னும். செட்டிநாட்டு மாளிகைகளின் சுவர்களில் வரிசை வரிசையாக அவை தொங்கின. சென்னையில் பிறந்த ஓவியரும் கலை வரலாற்றாசிரியருமான ஜயா அப்பாசாமி அம்மையார் 1980-இல் இந்தியக் கண்ணாடி ஓவியங்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். அதன் பின்னரே கற்றவர் பலர் இவற்றைத் திரும்பிப் பார்த்தனர்.

இக்கலையை வீழ்த்தியது அச்சு எந்திரம். ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வண்ண அச்சுப்படங்கள் மலிந்ததும் காட்டுப்புறக் குடும்பங்களின் தூரிகைகள் ஓய்ந்தன. நம் நாட்டில் 1894-இல் இரவிவர்மா பம்பாயில் அச்சகம் நிறுவினார். பின்னர் சிவகாசி நாட்காட்டிகள் வந்தன. இரண்டு அணாவுக்குப் படம் கிடைக்கும்போது பத்து நாள் உழைக்கும் ஓவியரை யார் தேடுவர்?

வானம் எங்கே?

மேலே சொன்ன படங்களில், ஐரோப்பியப் படமாயினும் தஞ்சைப் படமாயினும், ஒரு பொருளை மட்டும் நாம் காண்பது அரிது. அதுதான் வானம். தஞ்சைப் படங்களில் உருவத்துக்குப் பின்னால் திரைச்சீலையும் தூண்களும் இருக்கும். அல்லது ஒரே பச்சையோ நீலமோ சீராகப் பூசப்பட்டிருக்கும். காரணம் எளிது. வானம் கடைசியில் வருவது. அதற்குள் ஓவியர் களைத்திருப்பார். வாங்குபவரும் மேகத்துக்காகப் பணம் கொடுப்பதில்லை. ஆனால் கண்ணாடிக்கு மிகவும் பொருத்தமான பொருள் வானமே என்பது எம் கருத்து.

ஏன் என்று கேட்பீர்களாயின், காவிரிக் கரையில் கிடக்கும் கூழாங்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். காய்ந்திருக்கும்போது அது சாம்பல் நிறம். நீரில் நனைத்தால் சிவப்பும் பச்சையுமாக ஒளிரும். காய்ந்த கல்லின் சொரசொரப்பான மேற்பரப்பில் ஒளி சிதறுகிறது. நீர் அந்தச் சொரசொரப்பை நிரப்பிச் சமன் செய்கிறது. கண்ணாடியின் பின்புறம் ஒட்டிய வண்ணத்திலும் இதுவே நிகழ்கிறது. கண்ணாடிக்கும் எண்ணெய் வண்ணத்துக்கும் இடையே காற்றில்லை. இரண்டும் ஒளியை ஏறத்தாழ ஒரே அளவில் வளைப்பவை. ஆகவே வண்ணம் என்றும் நனைந்த கல்லைப் போலவே காணப்படும். கருமேகத்தின் கருமை ஆழ்ந்து தோன்றும்; அதன் விளிம்பின் ஒளி பளிச்சிடும். இந்த ஆழமும் பளிச்சும் தாளில் எளிதில் கிட்டுவன அல்ல.

இதைக் கண்டுகொண்டவர்கள் பெரும் பள்ளிகளில் பயின்ற ஓவியர்கள் மட்டும் அல்லர். பவேரியாவின் முர்னாவ் என்னும் ஊரில் 1908-ஆம் ஆண்டையொட்டித் தங்கிய கந்தின்ஸ்கி, கபிரியேல் முன்டர் ஆகியோர் அவ்வூர்க் கைவினைஞர் ஹைன்ரிக் ரம்போல்டின் தொழிலைக் கண்டு வியந்தனர். முன்டர் அம்மையார் அவரிடமே இம்முறையைக் கற்றார். உலகப் புகழ் பெற்ற அந்த ஓவியர்கள் ஏழைகளின் புனிதர் படங்களிடம் பாடம் கேட்டது சிந்திக்கத்தக்கது. எனினும் வானத்தைக் கண்ணாடியில் உண்மையாக ஆண்டவர் ஓர் உழவர்.

குரோவேசிய நாட்டில் திராவா என்றொரு ஆறு ஓடுகிறது. அதன் கரைச் சமவெளியில் ஹிலெபினே என்னும் சிற்றூர். மக்கள் கத்தோலிக்கர், நிலத்தை நம்பி வாழ்ந்தவர்கள், வீடுதோறும் கண்ணாடியில் தீட்டிய புனிதர் படங்கள். அங்கே 1914-இல் இவான் ஜெனராலிச் பிறந்தார். பள்ளிப் படிப்பு சில ஆண்டுகளே. மாடு மேய்த்த நேரம் போக, கடைச் சரக்கு மடித்து வந்த தாளில் படம் வரைந்துகொண்டிருந்தார். 1930-ஆம் ஆண்டு கிர்ஸ்டோ ஹெகெதுசிச் என்னும் ஓவியர் அப்படங்களைக் கண்டார். அவ்வூர் வீடுகளில் தொங்கிய கண்ணாடிப் படங்களையும் கண்டார். இரண்டையும் இணைத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. பதினைந்து வயது உழவர் மகனுக்கு ஊக்கம் தந்து அம்முறையில் பழக்கினார். மறு ஆண்டே சாக்ரெப் நகரக் கண்காட்சியில் அவன் படங்கள் இடம் பெற்றன.

ஜெனராலிச் தீட்டியது தம் ஊரைத்தான். சேறு படிந்த பாதை, ஓலைக்கூரை, மாட்டு வண்டி, இலையுதிர்ந்த மரங்கள். அம்மரங்களுக்குப் பின்னே சிவந்தும் பசந்தும் கனன்றும் நிற்கும் பெருவானம். 1953-இல் பாரிசு நகரில் அவர் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1959-இல் தீட்டிய 'மான்களின் திருமணம்' அவர் படங்களுள் பெரிதும் பேசப்படுவது. 1992-இல் அவர் மறைந்தார். அவருக்குப் பின் அவ்வட்டாரத்து உழவர் பலர் கண்ணாடியைக் கையிலெடுத்தனர். 1935-இல் பிறந்த மியோ கொவாச்சிச் மிகப்பெரிய கண்ணாடிகளில் கொந்தளிக்கும் வானத்தையும் பனிப்புலத்தையும் தீட்டினார். ஒரு சிற்றூரின் வானம் இப்படித்தான் உலகம் அறிந்த வானமாயிற்று.

நம் சமவெளி

திராவாக் கரையை விட்டு நம் ஊருக்கு வருவோம். சேலம், நாமக்கல் சமவெளியில் வாழ்வோர் வானத்தைப் பற்றி அறியாதவர் அல்லர். மழையை நம்பி நிலக்கடலையும் மரவள்ளியும் பயிரிடுவோர் நாள்தோறும் அண்ணாந்து பார்ப்பவர்களே. ஈசான மூலையில் மின்னினால் மழை உண்டு என்பது நம் முதியோர் கணக்கு.

ஓவியக் கண்ணோடு பார்த்தால் இவ்வட்டாரத்துக்கு ஒரு சிறப்பு உண்டு. வெறும் சமவெளியாயிருந்தால் வானத்தின் பெருமையை அளக்க ஒன்றும் இராது. மலைநாடாயிருந்தால் மலைகள் வானத்தை மறைத்துவிடும். இங்கோ இரண்டும் அளவாக உள்ளன. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் சேலம் நகரம், அதற்கு வடக்கே சுவர் போல எழுந்து ஏற்காட்டில் 1,500 மீட்டரை எட்டும் சேர்வராயன் மலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே தனித்து நிற்கும் கஞ்சமலை. நாமக்கல்லுக்குச் சென்றால் ஊர் நடுவே ஒற்றைப் பாறையும் கோட்டையும். கிழக்கே கொல்லிமலையின் நீண்ட முகடு.

சித்திரை, வைகாசி மாதங்களில் நண்பகல் வரை வானம் வெளிறிக் கிடக்கும். வெயிலால் கொதித்த நிலத்துக் காற்று மேலெழும். மலைச்சரிவு அதை இன்னும் உந்தும். இரண்டு மணிக்கு மலைமுகட்டின் மேல் பஞ்சுப்பொதி போல ஒரு மேகம் தோன்றும். நான்கு மணிக்குள் அது கோபுரமாய் வளர்ந்து 15 கிலோமீட்டர் உயரம் வரை செல்லக்கூடும். அதற்குமேல் எழ இயலாமல் உச்சி தட்டையாகப் பரவும். கொல்லன் பட்டடையைப் பார்த்தவர்கள் அவ்வடிவத்தை உடனே அறிவர். அடிப்பகுதி கருநீலம். மேற்கே சாயும் கதிரவன் அதன் விளிம்பில் பொன் பூசுவான். செம்மண் காற்று எழும். தொலைவில் மழைத்தாரை சாம்பல் திரை போல இறங்கும். அத்திரைக்கு முன்னே வெண்கொக்குகள் வரிசையாய்ப் பறக்கும். அரை மணி நேரத்தில் அனைத்தும் கலைந்துவிடும்.

நம் நாட்காட்டிகளில் இந்த வானம் இல்லை. அங்கே என்றும் ஆரஞ்சு நிற அந்தி, இரண்டு தென்னை, ஒரு படகு. சேலத்தில் படகுக்கு எங்கே போவது? நம் பிள்ளைகளிடம் தாளும் வண்ணமும் கொடுத்து இயற்கைக் காட்சி வரையச் சொன்னால், இரு மலைகளுக்கு நடுவே பாதிச் சூரியனையும் ஓர் ஆற்றையும் வரைந்து தருகின்றனர். சன்னலைத் திறந்து பார்த்து வரைவதில்லை.

ஓவிய மரபு இங்கே இல்லாமலும் இல்லை. மோகனூரில் 1888-இல் பிறந்து, 1949-இல் சென்னை மாநிலத்தின் அரசவைக் கவிஞராக அமர்ந்த நாமக்கல் இராமலிங்கம் பிள்ளை, கவிஞராகப் புகழ் பெறுமுன் ஓவியராகவே வாழ்க்கை நடத்தியவர். 1997-இல் தனி மாவட்டமான நாமக்கல், லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளுக்குப் பெயர் பெற்றது. அப்பட்டறைகளில் எனாமல் பெயிண்டைக் கொண்டு தகட்டின்மேல் பூவும் மலையும் அருவியும் எழுதிய கைகள் பல. கடைகளுக்குக் கண்ணாடிப் பெயர்ப்பலகை எழுதியோர் வேறு. அவர்கள் தமிழ் எழுத்துகளைக் கண்ணாடியின் முதுகில் இடவலமாக மாற்றி, தவறின்றி எழுதுவர். பின்னால் பொன்வண்ணம் பூசுவர். நாம் இதுவரை சொன்ன கலையை, அதற்கு ஒரு பெயர் உண்டென்றும் அறியாமல், பிழைப்புக்காகச் செய்தவர்கள் அவர்கள். இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பின் பிளெக்ஸ் பலகைகள் வந்து அவர்களுள் பெரும்பாலோரின் தூரிகையைப் பறித்துக்கொண்டன. அத்திறமை இன்னும் சிலர் விரல்களில் இருக்கிறது. அது அவர்களோடு மறைந்துவிடுமா, அடுத்தவர் கைக்கு மாறுமா என்பது இன்னும் சில ஆண்டுகளில் தெரிந்துவிடும்.

செய்து பார்க்க விரும்புவோர்க்கு

இளைஞர் மன்றங்களோ, வீட்டில் ஓய்வு உள்ளவர்களோ முயன்று பார்க்கக்கூடிய கலை இது. செலவு மிகுதியில்லை. படத்துக்குச் சட்டம் போடும் கடையில் இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள சாதாரணக் கண்ணாடியை ஒரு முழம் அகலத்துக்கு வெட்டித் தரச் சொல்லுங்கள். விளிம்பு கையைக் கிழிக்கும். காகித நாடா ஒட்டிக்கொள்வது நல்லது. எண்ணெய் வண்ணமும் உதவும், எனாமலும் உதவும். எண்ணெய் வண்ணம் உலரப் பல நாள் ஆகும். எனாமல் ஓரிரவில் உலரும். டர்ப்பன்டைன் நெடி உள்ள வேலையாதலால் காற்றோட்டமான இடத்தில் அமரவேண்டும். சிறு பிள்ளைகளைத் தனியே விடக்கூடாது.

முதல் வேலை தூரிகை எடுப்பதன்று. மூன்று மாலைப்பொழுது மொட்டை மாடியில் நின்று வானத்தைப் பார்ப்பது. ஒளி எப்பக்கமிருந்து வருகிறது, மேகத்தின் எந்த விளிம்பு வெளிச்சம், எது நிழல், அடிவானம் மேல்வானத்தைவிட வெளிறியதா சிவந்ததா என்பவற்றைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மெல்லிய தாளில் முழுப்படத்தையும் வரைந்து, தாளைப் புரட்டிக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். புரட்டாமல் வைத்தால் கொல்லிமலையின் முகடு இடம் வலம் மாறிவிடும். ஊரார் பார்த்தவுடன் கண்டுபிடித்துச் சிரிப்பர். பழைய படங்களில் சில புனிதர்கள் இடக்கையால் ஆசி வழங்குவதற்கு இந்த மறதியே காரணம்.

கண்ணாடியை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, விரல் படாமல் வைத்துக்கொள்ளுங்கள். இனிக் கொக்குகளை வையுங்கள். மேகமே இல்லாத வெறுங் கண்ணாடியில் ஐந்தாறு வெள்ளைக் கீற்றுகள் மட்டும் பறக்கும். அப்போது அது விளையாட்டாகத் தோன்றும். அடுத்து முன்னால் நிற்கும் பனைமரம், கிணற்றுமேட்டுக் கொட்டகை, வேலி. இவற்றிலும் வெயில் பட்ட பக்கத்தை முதலிலும் நிழலைப் பின்னரும் இடவேண்டும். அது உலர்ந்தபின் வயல், பின்பு மலை. மலைக்கு ஊதா கலந்த நீலம் போதும். பச்சை பூசினால் மலை பக்கத்தில் வந்து நின்றுவிடும்.

ஒவ்வொரு படியும் நன்றாக உலர்ந்த பின்னரே அடுத்தது. ஈரமாயிருக்கையில் பிழையைப் பஞ்சால் துடைக்கலாம். உலர்ந்தபின் பிளேடால் சுரண்டலாம். அதன்மேல் அடுத்த பூச்சு விழுந்துவிட்டால் பின்னர் எதையும் தொடமுடியாது.

இப்போது மேகம். ஒளி விளிம்பை வெள்ளையோடு சிறிது மஞ்சள் கலந்து கனமாக வையுங்கள். அது ஈரமாக இருக்கும்போதே உட்புற ஓரத்தைத் துணிப்பொதியால் மெல்லத் தட்டினால் கோடு கரைந்து பஞ்சாகும். உலர்ந்ததும் அதன் பின்னே சாம்பல், அதன் பின்னே கருநீலம். முன்னர் பூசிய வண்ணத்தை நிழல் மறைக்காது, அதன் அருகிலும் பின்னாலும்தான் தெரியும் என்பதைக் கை பழகும் வரை மறந்துகொண்டே இருப்போம். மழைத்தாரைக்கு ஏறத்தாழக் காய்ந்த தூரிகையால் மேலிருந்து கீழாக மெல்லிய இழுப்பு. இடையிடையே கண்ணாடி தெரியட்டும், பின்னால் வரும் வானம் அதனூடே எட்டிப்பார்க்கும்.

மின்னலுக்கு ஒரு வழி உண்டு. கண்ணாடியில் மட்டுமே அது இத்தனை எளிது. கருமேகம் உலர்ந்தபின் ஊசியால் அதன்மேல் கிளைவிட்ட ஒரு கோட்டைக் கீறுங்கள். முன்னிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிறகு அக்கீறலின்மேல் வெண்மஞ்சள் பூசிக் கண்ணாடியைத் திருப்புங்கள். மேகத்தைக் கிழித்துக்கொண்டு மின்னல் நிற்கும். மயிரிழை போன்ற கோட்டைத் தூரிகையால் இழுப்பதைவிட ஊசியால் பெறுவது எளிது.

கடைசியாக வானம். எஞ்சிய கண்ணாடி முழுவதும் ஒரே அமர்வில், அடிவானத்தில் வெளிர் மஞ்சளும் செம்மையும், மேலே செல்லச் செல்லச் சிலேட்டு நீலமுமாக, ஈரத்தோடு ஈரம் கலக்குமாறு பூசவேண்டும். முன்பக்கம் எப்படியிருக்கிறது என்று அறிய, எதிரே முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை வைத்துக்கொள்வது உதவும். பூச்சு நன்கு உலர்ந்ததும் பின்புறம் முழுதும் ஒரு வெள்ளைப்பூச்சு. சட்டமிடும்போது அட்டை வண்ணத்தைத் தொடாதவாறு சிறு இடைவெளி விடச் சொல்லுங்கள். முதல் மூன்று படங்கள் நன்றாக வராது. நான்காவதில் ஒரு மேகமாவது மேகமாகத் தோன்றும்.

பரணில் உள்ள படம்

புதிய படம் தீட்டாவிட்டாலும் பழையதைக் காக்கலாம். கண்ணாடி வண்ணத்தை உறிஞ்சுவதில்லை. வண்ணம் அதன்மேல் ஒட்டிக்கொண்டு மட்டுமே இருக்கிறது. வெப்பமும் ஈரமும் மாறிமாறித் தாக்கினால் செதில் செதிலாகப் பெயர்ந்துவிடும். எனவே அடுப்பங்கரைச் சுவரிலும், வெயில் நேரே விழும் இடத்திலும், ஓதம் ஏறும் சுவரிலும் அத்தகைய படத்தை மாட்டாதீர்கள். சட்டத்தின் பின்புறம் நான்கு மூலையிலும் சிறு தக்கைத்துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று ஓடும். முன்புறத்தை மட்டும் உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். பின்பலகையைக் கழற்றி, "தூசியாக உள்ளது" என்று ஈரத்துணியால் துடைத்தவர்கள் ஒரு நூற்றாண்டுப் படத்தை ஒரு நிமிடத்தில் வாளித் தண்ணீரில் கரைத்திருக்கிறார்கள். பசையில் குழைத்த பழைய வண்ணம் நீரில் கரையக்கூடியது. உதிர்ந்த இடத்தை எனாமல் கொண்டு நிரப்புவதும், செலோடேப் ஒட்டுவதும் வேண்டா.

கண்ணாடி விரிசல் விட்டாலோ, வண்ணம் உரியத் தொடங்கினாலோ, படத்தைக் கண்ணாடிப் பக்கம் கீழாகவும் வண்ணப் பக்கம் மேலாகவும் இருக்குமாறு தட்டையாகக் கிடத்துங்கள். உரியும் வண்ணம் விழாமல் தன் இடத்திலேயே கிடக்கும். உடைந்த துண்டுகளையும் எறியாமல் ஒரு பெட்டியில் சேர்த்து வைத்தால், பழுது நீக்கத் தெரிந்தவர் கையில் அது மீண்டும் படமாகலாம். சட்டத்தின் பின்னட்டையில் பென்சிலால் மூன்று செய்திகளை எழுதி வையுங்கள்: படம் யார் வீட்டிலிருந்து வந்தது, எந்த ஊரில் வாங்கியது, தீட்டியவர் யார் என்று பாட்டிக்கு நினைவிருக்கிறதா என்பது. கடைசிக் கேள்வியை இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டுவிடுங்கள்.